உங்களுக்குப் படிக்க வராதா? பிள்ளை படிப்பதைக் கேட்க வரும்தானே

இதை நீங்களே கண்ணால் படித்துக்கொண்டிருக்க வாய்ப்பு குறைவு. யாரோ படித்துக் காட்டுகிறார்கள், அல்லது போன் வாய்விட்டுச் சொல்ல நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். படித்துக் காட்டுகிறவருக்கு ஒரு வேண்டுகோள்: ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம், இது நீளம். ஒரு பகுதியைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், வீட்டில் செய்து பார்க்கட்டும், மீதி நாளைக்கு.

என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நான் பாடத்தைப் படிக்காமல் ஒப்பிக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்தது ஆசிரியர் இல்லை, அம்மாதான். கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு நான் கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து புத்தகத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து “இது என்ன?” என்றார். ஏதோ ஒன்றைச் சொன்னேன். நாலு வரி தள்ளி விரலை வைத்து “அப்ப இது?” வேறு ஏதோ சொன்னேன். “ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, நீ ஏன் வேற வேறயா சொல்ற?” என்றார் பாருங்கள், அன்றைக்கு எனக்கு வந்த பயம் எந்தப் பரீட்சைக்கும் வந்ததில்லை.

எழுத்து தெரியாதவருக்கும் இரண்டு உருவங்கள் ஒன்றா வேறா என்று பார்க்கத் தெரியும். பிள்ளை தட்டுத் தடுமாறுகிறதா, சரளமாகப் போகிறதா என்று காதுக்குத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே நிறைய செய்யலாம். உலகத்தில் 70 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது யுனெஸ்கோவின் கணக்கு, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அதனால் “நம்ம வீட்டில் மட்டும்தான் இப்படி” என்ற கூச்சத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

கண் ஏமாற்றும்

எழுத்து தெரியாத பெற்றோர் பிள்ளையின் படிப்பை எதை வைத்து எடை போடுகிறார்கள்? நான் பார்த்தவரை மூன்று விஷயம். கையெழுத்து அழகாக இருக்கிறதா, நோட்டில் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கிறதா, சத்தம் போட்டுப் படிக்கிறதா. மூன்றுமே ஏமாற்றக்கூடியவை. ஒரு சொல்லை இருபது தடவை பார்த்து எழுதுகிற பிள்ளை, கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல அதை வரைந்துகொண்டிருக்கலாம். அது என்ன சொல் என்றே தெரியாமல் அழகாக வரையலாம். சத்தமாகப் படிப்பது மனப்பாடமாக இருக்கலாம். அதனால் இன்றிலிருந்து “எத்தனை பக்கம் எழுதினாய்?” என்று கேட்பதை விட்டுவிட்டு “எனக்குப் படித்துக் காட்டு” என்று கேளுங்கள்.

படித்துக் காட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் வேண்டாம். பிள்ளையின் விரல் சொல்லுக்கு அடியில் நகரட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது, வாயில் ஒரு சொல் வரும்போது விரலும் ஒரு சொல் நகர்கிறதா என்பதுதான். வாய் முந்திக்கொண்டு ஓடி விரல் பின்தங்கினால் அங்கே மனப்பாடம் நடக்கிறது. சந்தேகம் வந்தால், என் அம்மா செய்ததைச் செய்யுங்கள். ஒரே உருவத்தில் இருக்கும் இரண்டு சொற்களைத் தேடிப் பிடித்து இரண்டையும் கேளுங்கள். இன்னொரு வழி, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்வது. மனப்பாடம் பண்ணியதைத் தலைகீழாகச் சொல்வது கஷ்டம், நிஜமாகப் படிக்கத் தெரிந்தால் அது ஒரு விளையாட்டு. இல்லையென்றால் ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டு வையுங்கள். நாளைக்கு அதே வரியைக் கேளுங்கள். நேற்று சொன்னதும் இன்று சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதைப் போலீஸ் வேலையாகச் செய்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை, சிரித்துக்கொண்டே செய்தால் போதும். மற்ற நாளெல்லாம் வெறுமனே கேளுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம், தினமும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தடுக்கி நிற்கும்போது

ஒரு சொல்லில் பிள்ளை நின்றுவிட்டது. உங்களுக்கும் அது என்னவென்று தெரியாது. பதறாதீர்கள். மனசுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுங்கள், அந்த இடைவெளியிலேயே பாதிச் சொற்கள் வந்துவிடும். வரவில்லையா, “முதல் எழுத்து என்ன சொல்லுது?” என்று கேளுங்கள். அப்புறம் அடுத்த எழுத்து. சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இதற்குப் பெயர்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பது, இதைச் செய்யச் சொல்வதற்கு உங்களுக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல் வந்துவிட்டதென்றால், “அந்த வரியை முதலிலிருந்து படி, பொருந்துதா பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். பொருந்துகிறதா என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு முழுத் தகுதி உண்டு, மொழி உங்களுடையது. “அவன் மரத்தில் ஏறினாள்” என்று படித்தால் காது உடனே உறுத்தும். அப்போது “தப்பு” என்று சொல்லாமல் “என்னது, இன்னொரு தரம் சொல்லு?” என்றால் போதும், பிள்ளையே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

அப்படியும் வராத சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தப் புள்ளிகளோடு புத்தகம் நாளை பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். ஆசிரியருக்கு அதைவிட நல்ல தகவல் வேறு கிடையாது, எங்கே இடிக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

நம் எழுத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பொறுமை வரும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக மொத்தம் 247. பிள்ளை 247 உருவங்களையும் தனித்தனியாகப் படிப்பதில்லை, கால், கொம்பு, சுழி என்று சில குறிகளை அடிப்படை எழுத்துகளோடு சேர்த்துச் சேர்த்துப் படிக்கிறது. ஆனாலும் அதற்கு நாள் ஆகும். கொம்பு இருக்கிறதே, அது எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் அதன் ஒலி எழுத்துக்குப் பின்னால்தான் வரும். பிள்ளைகள் அங்கே தடுக்குவது சோம்பேறித்தனத்தால் இல்லை. அப்புறம் இந்த ரெண்டு சுழி ன, மூணு சுழி ண, சின்ன ர, பெரிய ற சமாச்சாரம். பேச்சில் நம்மில் பலருக்கு அரைக்கும் அறைக்கும், பனிக்கும் பணிக்கும் வித்தியாசமே கிடையாது. அதனால் அங்கே உங்கள் காதை நம்பி வாதாட வேண்டாம், அதைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிடுங்கள்.

படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தால் திட்டுவது ஒரு பழக்கம். “நேத்தும் இதைத்தானே படிச்ச?” வேண்டாம். 1979-இல் ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மறுவாசிப்பு முறை என்று ஒன்றை எழுதி வைத்தார். சின்னப் பகுதி ஒன்றைத் தடங்கல் இல்லாமல் வரும்வரை பல தடவை படித்துவிட்டு அப்புறம்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். முதல் தடவை நொண்டும், நாலாவது தடவை ஓடும். ஓடுகிறதா என்று சொல்ல உங்கள் காது போதும். கண் சொல்லின் மேல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

புத்தகமே இல்லாமல் செய்ய முடிந்தவை

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், காதால் கேட்டால் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் படித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதுதான் விஷயம். ஒரு பக்கம் பூஜ்ஜியம் என்றால் விடையும் பூஜ்ஜியம். எழுத்தை ஒலியாக்கக் கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை. இன்னொரு பக்கம், சொல்வளம், கதை பிடிபடுவது, ஒரு விஷயத்துக்குப் பின்னால் அடுத்தது ஏன் வருகிறது என்று புரிவது, இதெல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பேச்சில் வளர்வது. அதில் நீங்கள் பட்டம் வாங்கியவருக்குக் குறைந்தவர் இல்லை.

ஆகவே பேசுங்கள். நிறைய. “சாப்பிடு, எழுந்திரு, போ, வா” என்பதெல்லாம் பேச்சில் சேர்த்தி இல்லை, அது உத்தரவு. நீங்கள் செய்கிற வேலை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொற்கள் இருக்கின்றன. தையலோ விவசாயமோ கொத்து வேலையோ எதுவானாலும், அதன் கருவிகளுக்குப் பெயர், அசைவுகளுக்குப் பெயர், தப்பிப் போனால் சொல்ல ஒரு பெயர். பாடப் புத்தகத்தில் இல்லாத சொற்கள் அவை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முதலில் இது, அப்புறம் அது, ஏனென்றால் இது என்று பிள்ளைக்கு விளக்கிச் சொல்லுங்கள். பின்னாளில் அறிவியல் பாடத்தை வரிசையாகப் புரிந்துகொள்ளப் பழகுவது இப்படித்தான்.

ஒலி விளையாட்டு இன்னொன்று. படிக்க ஆரம்பிக்கும் பிள்ளைக்கு ஒரு சொல்லை ஒலித் துண்டுகளாக உடைத்துச் சேர்க்க வர வேண்டும், அதைக் காதாலேயே பழக்கலாம். “தலை” என்பதில் த-வை எடுத்துவிட்டு ம போடு. மலை. வ போடு. வலை. சி போடு. சிலை. யார் அதிகம் சொல்வது என்று போட்டி வைத்தால் விலை, கலை, இலை, அலை என்று போய்க்கொண்டே இருக்கும். நீட்டி விளையாடுவது: கல் – கால், பல் – பால், விடு – வீடு, படம் – பாடம். ஒலியை நீட்டுகிற துணைக்கால் போட்டால் என்ன ஆகும் என்று வகுப்பில் சொல்லும்போது உங்கள் பிள்ளைக்கு அது ஏற்கெனவே காதில் இருக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குக் கஷ்டமானது: “பட்டம்” என்பதில் நடுவில் இருக்கிற ட்-ஐத் தூக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? படம். இதையெல்லாம் நடந்துகொண்டே, வேலை பார்த்துக்கொண்டே செய்யலாம். விடுகதையும் நாக்கைத் தடுமாற வைக்கும் வேடிக்கை வரிகளும் தெரிந்தவர்கள் அவற்றைச் சும்மா வைத்திருக்காதீர்கள்.

படப் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். எழுத்தே இல்லாத படக்கதைகளும் இருக்கின்றன, நூலகத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். படத்தைப் பார்த்து நீங்களாக ஒரு கதை சொல்லுங்கள், புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் படிப்பதுபோல் பாவனை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளை ஒருநாள் கண்டுபிடித்துவிடும், அன்றைக்கு உங்கள் இருவருக்குமே சங்கடம். “எனக்கு எழுத்து தெரியாது, படத்தைப் பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லிக்கொண்டே நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: இவன் ஏன் ஓடறான்? அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற? நீயா இருந்தா என்ன பண்ணுவ? பெரியவர் படித்துப் போவதைவிடக் கேள்வி கேட்டுப் பிள்ளையைப் பேசவைப்பதில்தான் பலன் கூடுதல் என்பதை 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்த ஆய்வு காட்டியது.

நீங்கள் சொல்ல, பிள்ளை எழுத

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். பிள்ளைக்கு ஓரளவு எழுத வந்ததும், நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். பெரிய கதை வேண்டாம். “நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு நாய் வளர்த்தேன். அது மழைக்குப் பயப்படும்.” இரண்டு வரி. எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சொன்னது நீங்கள்தான் என்பதால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று உலகத்திலேயே உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், எழுத்து தெரியாதவர் திருத்தக்கூடிய ஒரே நோட்டு இது. “மழைக்குப் பயப்படும்னு சொன்னேனே, அது எங்கே?” என்று கேட்கலாம். ஒரு சொல் விட்டுப்போயிருந்தால் பிடித்துவிடலாம். எழுத்துப் பிழை இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த நாள் இன்னும் இரண்டு வரி. ஒரு நோட்டு நிரம்பினால் உங்கள் வீட்டுக்கு ஒரு புத்தகம் வந்துவிடும், அதில் இருப்பது எல்லாம் பிள்ளைக்குப் பழகிய சொற்கள் என்பதால் படிப்பதும் எளிது. பள்ளிகளில் இதை மொழி அனுபவ முறை என்பார்கள். நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற ஆசிரியை, அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிக் குழந்தைகளுக்கு இதற்கு நெருங்கிய வழியில்தான் எழுத்து சொல்லிக்கொடுத்தார். பாடப் புத்தகச் சொற்களை ஒதுக்கிவிட்டு, அந்தக் குழந்தைகள் தாங்களாகவே கேட்ட சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பயம், பாசம் சம்பந்தப்பட்ட சொற்கள் சட்டென்று ஒட்டிக்கொண்டன என்பது அவர் கண்டது.

வீட்டில் நிஜமாகவே எழுத்து தேவைப்படுகிற இடங்களிலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்க வேண்டிய சாமான் பட்டியல், போனில் வந்த செய்தி, பேருந்தின் பலகை. ஆனால் ஒரு எல்லை வேண்டும். மருந்துச் சீட்டையும் மருந்தின் அளவையும் பிள்ளையை நம்பி முடிவு செய்யாதீர்கள், மருந்து கொடுப்பவரிடமே வாயால் சொல்லச் சொல்லி, திருப்பி அவரிடம் சொல்லிக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடன் பத்திரம், கோர்ட்டு கடிதம் போன்றவையும் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடியவை இல்லை. எட்டு வயதில் வீட்டுக்குக் குமாஸ்தா ஆகிவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், பாவம்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குறிப்பு மட்டும் பிள்ளை வழியாக வரவே கூடாது! “வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறான்” என்று ஆசிரியர் எழுதியதை, “நல்லாப் பேசறான்னு எழுதியிருக்காங்க” என்று படித்துக் காட்டிய அனுபவம் எனக்கே உண்டு.

ஆசிரியரிடம் என்ன சொல்வது

முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: “எனக்குப் படிக்க வராது. எதுவானாலும் போனில் சொல்லுங்கள், இல்லை குரல் செய்தி அனுப்புங்கள்.” இதைச் சொல்லக் கூசி, கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடுகிற பெற்றோரை ஆசிரியர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டால் அந்தத் தப்பெண்ணம் வராது. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதற்கு முன் “இதில் என்ன இருக்கிறது, வாயால் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அப்புறம் இரண்டு கேள்வி. என் பிள்ளை புதிதாக ஒரு பக்கத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதா, சரளமாகப் படிக்கிறதா? இந்த வாரம் வீட்டில் நான் எதைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்? ரேங்க் எத்தனை என்பதைக் கேட்காமல் வந்தாலும் பரவாயில்லை.

சிலவற்றை நீங்கள்தான் முதலில் கவனிப்பீர்கள். புத்தகத்தை மூக்குக்கு அருகில் வைத்துக்கொள்வது, கண்ணைச் சுருக்குவது, படித்தால் தலைவலி என்பது, கூப்பிட்டால் அடிக்கடி காதில் விழாமல் போவது: முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். சின்ன வயதில் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவது சகஜம், அதற்குக் கலங்க வேண்டாம். ஆனால் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய் ஓரிரு வருடம் ஆன பிறகும் எழுத்துகள் மனதில் நிற்கவே இல்லை, பேச்சிலும் மற்ற வேலைகளிலும் கெட்டிக்காரத்தனமாக இருக்கும் பிள்ளை படிப்பில் மட்டும் திணறுகிறது என்றால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கலாக இருக்கலாம். அது அறிவுக் குறைவு இல்லை, கற்பிக்கும் விதத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியரிடம் நீங்களே பேச்செடுங்கள்.

போன் பற்றி ஒரு வார்த்தை. கேமராவை எழுத்தின் மேல் காட்டினால் படித்துச் சொல்லும் வசதி இப்போது நிறைய போன்களில் இருக்கிறது, கூகுள் லென்ஸ் அப்படி ஒன்று. பிள்ளை படித்தது சரியா என்று எப்போதாவது சரிபார்க்க உதவும். முதலிலேயே அதை எடுத்து நீட்டிவிட்டால் பிள்ளை ஏன் மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறது? பிள்ளை முயன்ற பிறகு, கடைசியாக. பாட்டும் படமும் பார்க்கும்போது அதே மொழியில் வரிகள் ஓடுகிற மாதிரி வைத்துவிடுங்கள், கண் தானாக அங்கே போகும்.

நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டால், விருப்பம் இருந்தால் செய்யுங்கள், கட்டாயம் இல்லை. பிள்ளையிடம் உங்கள் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டு ஆரம்பிக்கலாம். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குத் தான் கற்றது இன்னும் இறுகும். பிள்ளை ரொம்ப அதட்டினால் மட்டும் அந்தப் பாடத்தை அன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாத்தியாரை மாற்றிக்கொள்ள உங்களுக்கும் உரிமை உண்டு!

ஒன்றே ஒன்றைச் சொல்லாதீர்கள்: “நான்தான் படிக்காம இப்படி ஆயிட்டேன், நீயாவது படி.” அதை நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அதைக் கேட்டபடி புத்தகத்தைத் திறக்கிற பிள்ளை, ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் கஷ்டத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு புரட்ட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக, இன்று ராத்திரி வேலை முடிந்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து “இன்னைக்கு எனக்கு என்ன படிச்சுக் காட்டப் போற?” என்று கேளுங்கள். முதல் நாள் இழுத்தடிக்கும். “உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, எதுக்கு?” என்று கேட்டாலும் கேட்கும். “அதனாலதான் கேக்கறேன், நீ படிச்சாதானே எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, நகராமல் உட்கார்ந்திருங்கள்.